ரூகர் 10/22 ரைஃபிளைப் பிரித்துத் துடைப்பது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

ரைஃபிள் வாங்கிய நாலாவது மாதம் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. சுட்ட தோட்டாவின் காலி ஓடு வெளியே தெறித்து விழாமல் போல்ட்டின், அதாவது தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் உலோகத் துண்டின், வாயில் மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். பத்து ரவுண்டு சுட்டால் இரண்டு தடவை இப்படி. ரேஞ்சுக்கு என்னை முதலில் அழைத்துப் போன அண்ணன் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடைசியாக எப்போது துடைத்தாய் தம்பி?" என்றார். துடைக்கவே இல்லை. ஐந்நூறு ரவுண்டு தாண்டியிருந்தது. பிரித்தால் திரும்பச் சேர்க்கத் தெரியாது என்ற பயத்தில் அதைத் தொடாமலே வைத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டு கராஜில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதன் பிறகு நானே பலமுறை செய்து பார்த்ததும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் முதல் துப்பாக்கியாக .22 ரைஃபிள் (குழல் துளை சுமார் 0.22 அங்குலம்) வாங்கும் நம் ஆட்கள் பலரின் கையில் இருப்பது ரூகர் 10/22 என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1964-இல் வந்த மாடல், இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. பழையதோ புதியதோ, உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

பிரிப்பதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. நண்பர் தன் துப்பாக்கியைத் 'துடைத்துக் கொடு' என்று உங்கள் வீட்டில் விட்டுப் போனாலும் அது நீங்கள் வைத்திருப்பதாகத்தான் கணக்கு. விசாவில் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

எங்கே அழுக்கு சேர்கிறது, ஏன்?

இது தெரிந்துவிட்டால் எதைத் துடைக்க வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்பது தானாகவே விளங்கிவிடும். 10/22 செமி ஆட்டோமேட்டிக் வகை. அப்படியென்றால், ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு போகும். காலி ஓட்டைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். 10/22-இல் அந்த வேலைக்குத் தனியாகக் குழாயோ பிஸ்டனோ கிடையாது. மருந்து எரியும்போது எழும் அழுத்தம் காலி ஓட்டைப் பின்னால் உதைக்கிறது, அது போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது, ஸ்பிரிங் அதை மறுபடி முன்னால் கொண்டுவருகிறது. அவ்வளவுதான். ஓடு பின்னால் வரும்போது கொஞ்சம் புகையும் கரியும் கூடவே வந்து ரிசீவருக்குள், அதாவது போல்ட் ஓடும் உலோகப் பெட்டிக்குள் படிகின்றன. .22 குண்டு பெரும்பாலும் ஈயம். அதன் மேல் மெழுகோ எண்ணெய்ப் பசையோ பூசியிருப்பார்கள். கரி, மெழுகு, ஈயத் துகள் மூன்றும் சேர்ந்து அடிப்பிடித்த கடாய் மாதிரி கறுப்புப் பிசின் ஆகிவிடும்.

அதனால் இந்த ரைஃபிளில் குழலைவிட போல்ட்டும் ரிசீவரும்தான் அதிகம் அழுக்காகின்றன. புதியவர்கள் குழலுக்குள் கம்பியை விட்டு ஒரு மணி நேரம் தேய்க்கிறார்கள். அது தேவையில்லை.

என்னென்ன வேண்டும்

தட்டையான திருப்புளி ஒன்று, சில மாடல்களுக்கு ஆலன் கீ. பின்களைத் தள்ள பித்தளை அல்லது பிளாஸ்டிக் பஞ்ச். அது இல்லாவிட்டால் மொட்டையான பென்சில்கூடப் போதும், ஏனென்றால் இந்தப் பின்கள் விரலால் தள்ளினாலே நகரும். பழைய டூத் பிரஷ், பல் குத்தும் குச்சி, காது குடையும் பஞ்சுக் குச்சி. .22 அளவில் ஒரு போர் ஸ்னேக். இது குழலுக்குள் இழுக்கும் துணிக் கயிறு. துப்பாக்கி துடைக்கும் சால்வென்ட் ஒரு பாட்டில். ஹாப்பிஸ் நம்பர் 9 என்று 1903-இலிருந்து வருகிற ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். கொஞ்சம் துப்பாக்கி எண்ணெய். கண்ணைக் காக்கும் கண்ணாடி, நைட்ரில் கையுறை.

துணிக்கு நான் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, ஓர் அங்குலச் சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறேன். நூறு முறை துவைத்த வேட்டியில் நூல் பிரியாது, எண்ணெயை நன்றாக உறிஞ்சும், வெள்ளைத் துணி என்பதால் எவ்வளவு அழுக்கு வருகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். கடையில் பாக்கெட்டாக விற்கும் துணியைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் வேண்டவே வேண்டாம். நாளானால் பிசுபிசுத்து இறுகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் இருந்தால் அவசரத்துக்குப் பரவாயில்லை.

காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். சாப்பாட்டு மேஜையும் சமையலறையும் கூடாது. .22 தோட்டாவின் அழுக்கில் ஈயம் இருக்கிறது. தோசை சுட்டு வைக்கும் இடத்தில் அது படியக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. உதிரிகளைப் போட விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு வையுங்கள், அந்தத் தட்டு திரும்பவும் சமையலுக்குப் போகக் கூடாது.

காலி செய்வது

இந்த இடத்தில் மெதுவாகப் படியுங்கள். துடைக்கும்போது நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் "காலியாகத்தான் இருக்கிறது" என்ற நினைப்பு. துப்பாக்கிப் பயிற்சியில் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல் முனையைக் காட்டாதே, இலக்கைக் குறி பார்க்கும்வரை விரலை விசையில் வைக்காதே, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். துடைக்க உட்காரும்போது முதல் மூன்றும் அப்படியே பொருந்தும்.

முதலில் தோட்டாப் பெட்டிகள் எல்லாவற்றையும் வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். சட்டைப் பையையும் பாருங்கள். ரேஞ்சிலிருந்து வந்த சட்டைப் பையில் ஒன்றிரண்டு தோட்டா கிடப்பது சகஜம்.

ரைஃபிளைப் பாதுகாப்பான திசையில் பிடியுங்கள். பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள், ஏனென்றால் இங்கே வீட்டுச் சுவர் வெறும் பலகையும் அட்டையும். விசையைத் தடுக்கும் பொத்தானான சேஃப்டியைப் போடுங்கள். அடுத்தது மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி. மேகசினைக் கழற்றிய பிறகுதான் போல்ட்டை இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்தால் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், இருந்த தோட்டா வெளியே விழும், அதைப் பார்த்து நீங்கள் காலி என்று நினைப்பீர்கள். போல்ட் முன்னால் போகும்போது மேகசினிலிருந்து இன்னொன்று உள்ளே ஏறிவிடும். அதற்கப்புறம் மேகசினைக் கழற்றினாலும் சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

மேகசினைக் கழற்றி ஓரமாக வைத்ததும் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி, விசைக் காப்புக்கு முன்னால் உள்ள சின்ன நெம்பை அழுத்திப் பூட்டுங்கள். இப்போது போல்ட் திறந்தே நிற்கும். 10/22 கடைசித் தோட்டா தீர்ந்தாலும் தானாகத் திறந்து நிற்காது. பல பிஸ்டல்கள் அப்படி நிற்கும், அதில் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். போல்ட் மூடியிருப்பதை வைத்து உள்ளே இருக்கிறதா இல்லையா என்று எதுவும் சொல்ல முடியாது.

வெளிச்சத்தில் சேம்பரைப் பாருங்கள். அப்புறம் சுண்டு விரலை விட்டுத் தடவுங்கள். .22 ஓட்டை மிகச் சின்னது, விரல் முழுக்க உள்ளே போகாது. ஆனால் ஓட்டையின் விளிம்பு விரலுக்குத் தெரியும். காலியாக இருந்தால் நடுவில் ஒரு பள்ளம். தோட்டா இருந்தால் அங்கே தட்டையான, குளிர்ந்த பித்தளை. அந்த அண்ணன் சொன்னது: "கண் பார்க்க நினைத்ததைத்தான் பார்க்கும் தம்பி, விரலும் சொல்லட்டும்." நான் விரலை எடுத்த பிறகு அவரும் ஒருமுறை பார்த்தார். நடுவில் போன் வந்து எழுந்து போனேன். திரும்பி வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்க்கச் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

பிரிப்பது

காலி என்று உறுதியானதும் போல்ட்டை மெதுவாக மூடுங்கள். விசையை இழுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சுத்தி, அதாவது ஹேமர், பின்னால் சாய்ந்த நிலையிலேயே இருக்கட்டும். அடுத்து, சேஃப்டி பொத்தானை இரு பக்கமும் சமமாக, நடுவில் நிற்கும்படி தள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் பொத்தான் ஸ்டாக்கில், அதாவது ரைஃபிளின் கட்டையில், இடித்து ரைஃபிள் அதிலிருந்து வெளியே வராது. முரட்டுத்தனமாக இழுத்தால் மரம் சிராய்த்துவிடும்.

குழலையும் ஸ்டாக்கையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் உங்கள் மாடலில் இருந்தால் அதன் ஸ்க்ரூவைத் தளர்த்தி முன்பக்கமாக உருவுங்கள். மேகசின் துளைக்கு முன்னால், அடிப்பக்கத்தில் ஒரே ஒரு பெரிய ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழற்றினால் குழலை முனையிலிருந்து மேலே தூக்கி முழு இயந்திரத்தையும் எடுத்துவிடலாம்.

எடுக்கும்போது தட்டு கீழே இருக்கட்டும். ரிசீவரைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு மூன்று பின்கள் இருக்கின்றன. அவை நகராமல் பிடித்துவைத்திருப்பது ஸ்டாக்கின் சுவர்தான். ஸ்டாக் போனதும் சும்மா சாய்த்தாலே நழுவி விழும். எனக்கு அப்படித்தான் பின்பக்கத்துப் பின் ஒன்று உருண்டு போய், கராஜ் ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து அதை எடுக்க அரைமணி நேரம் ஆனது. மூன்றில் அதுதான் தடிமனானது. போல்ட் பின்னால் வந்து மோதும் இடம் அது, அது இல்லாமல் ரைஃபிளைச் சுடக் கூடாது.

விசைத் தொகுதியைப் பிடித்திருக்கும் இரண்டு மெல்லிய பின்களையும் தள்ளினால் தொகுதி முழுதாகக் கையில் வரும். அதற்குள் ஸ்பிரிங்குகளும் குட்டிக் குட்டிப் பாகங்களும் நிறைய. அதை மேலும் பிரிக்காதீர்கள். வெளியே எடுத்த நிலையில் அதன் விசையை இழுக்கவும் கூடாது. ஹேமர் தடுக்க ஆளில்லாமல் முன்னால் பாய்ந்து சட்டத்தில் மோதும்.

அடுத்து தடிமனான பின்னை எடுத்துவிட்டு, ரிசீவரை ஒரு துண்டின் மேல் தலைகீழாகப் படுக்க வையுங்கள். ஒரு கையால் போல்ட் கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போல்ட்டின் முன்முனையை மேலே கிளப்புங்கள். எழும்பி வந்துவிடும். கைப்பிடியைப் படாரென்று விடாமல் ஸ்பிரிங் தளரும்வரை மெதுவாக முன்னால் விட்டு, அதையும் வெளியே எடுங்கள். இந்த ஒரு கட்டம் மட்டும் முதல் தடவை படுத்தும். கண்ணாடி போடச் சொன்னது இதற்காகத்தான்.

முதல் தடவை என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிகளைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் இடமிருந்து வலமாக வையுங்கள்.

மேகசினை இப்போது பிரிக்க வேண்டாம். 10/22-இன் பத்து ரவுண்டு மேகசினுக்குள் ஒரு சுழலும் உருளை இருக்கிறது. பிரித்தால் அதன் ஸ்பிரிங் முறுக்கு முழுக்கப் போய்விடும், திரும்பச் சரியான அளவுக்கு முறுக்குவது தனி வித்தை. வெளியே துடைத்து, வாய்ப்பகுதியைப் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தால் போதும்.

துடைப்பது

போல்ட்டைக் கையில் எடுத்து அதன் முகத்தைப் பாருங்கள். ஓட்டின் அடிப்பாகம் வந்து உட்காரும் வட்டப் பள்ளம், அதன் ஓரத்தில் கொக்கி மாதிரி ஒரு சின்ன நகம். எக்ஸ்ட்ராக்டர் என்று பெயர். காலி ஓட்டின் விளிம்பைக் கவ்வி வெளியே இழுப்பது இதன் வேலை. என் ரைஃபிளில் அந்த நகத்துக்கும் போல்ட்டுக்கும் நடுவில் கறுப்பாக மண் மாதிரி அடைத்திருந்தது. சால்வென்ட் ஒரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பல் குத்தும் குச்சியால் கீறினால் செதில் செதிலாக வந்தது. ஐந்நூறு ரவுண்டின் தொந்தரவு முழுக்க அந்த அரிசி அளவு இடுக்கில் இருந்தது. அதை எடுத்த பிறகு அடுத்த வாரம் நூறு ரவுண்டு சுட்டேன், ஓர் ஓடுகூட மாட்டவில்லை.

நகத்தை ஊசியால் நெம்பாதீர்கள், அதன் ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும். மரக் குச்சியே சரி. போல்ட்டின் மற்றப் பக்கங்களை டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வேட்டித் துணியால் துடையுங்கள். ரிசீவரின் உட்சுவரையும் அப்படியே, மூலைகளைப் பஞ்சுக் குச்சியால். விசைத் தொகுதியில் பிரஷ்ஷால் மேலாகத் தட்டி, துணியால் ஒற்றினால் போதும். அங்கே சால்வென்ட்டைக் கொட்டாதீர்கள். மரத்தாலான ஸ்டாக்கின் மேல் சால்வென்ட் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள், பாலிஷ் போய்விடும்.

இனி குழல். எப்போதும் சேம்பர் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாக, குண்டு போகும் திசையில்தான் இழுக்க வேண்டும். இரும்புக் கம்பியை முனையிலிருந்து உள்ளே விட்டால் அது முனையின் உள்விளிம்பை உரசும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது, அங்கே தேய்ந்தால் குறி போய்விடும். போர் ஸ்னேக் இதற்கு ஏற்றது. அதன் எடையுள்ள முனையைச் சேம்பருக்குள் விட்டு, குழல் முனையில் வெளியே வந்ததும் நேராக இழுங்கள். கயிற்றின் முன்பகுதியில் சால்வென்ட் இரண்டு சொட்டு, இரண்டு அல்லது மூன்று இழுப்பு. பாதியில் நிறுத்திப் பின்னால் இழுக்காதீர்கள், உள்ளேயே மாட்டிக்கொள்ளும். துணி ஒன்றை விட்டுக் குழல் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால் குழல் வேலை முடிந்தது.

எண்ணெய்

அழுக்கைவிட அதிக எண்ணெயால் கெட்ட .22 ரைஃபிள்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு அது சாந்து மாதிரி ஆகிவிடும். போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் உரசி உரசிப் பளபளத்த கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளில் ஒவ்வொரு சொட்டு, விரலால் தடவி விடுங்கள். ஸ்பிரிங் ஓடும் கம்பிக்கு ஒரு சொட்டு. சேம்பரிலும் போல்ட் முகத்திலும் எண்ணெய் இருக்கக் கூடாது. வெளி உலோகத்தை எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். கைரேகை பட்ட இடத்தில்தான் துரு முதலில் வரும். ஹூஸ்டன் பக்கம் ஈரக் காற்றில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

சேர்ப்பது

பிரித்ததற்கு நேர் எதிர் வரிசை. ரிசீவர் தலைகீழாக இருக்க, கைப்பிடியையும் ஸ்பிரிங்கையும் உள்ளே வைத்து முழுக்கப் பின்னால் அழுத்திப் பிடியுங்கள். போல்ட்டின் பின்முனையை முதலில் உள்ளே விட்டு, முன்முனையை இறக்குங்கள். கைப்பிடியின் பல் போல்ட்டின் பள்ளத்தில் உட்கார்ந்ததும் இரண்டும் சேர்ந்து முன்னால் ஓடும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். எனக்கு முதல் நாள் ஏழெட்டுத் தடவை ஆனது, இப்போது ஒரே தடவையில் வருகிறது.

தடிமனான பின்னைப் போடுங்கள். விசைத் தொகுதியின் ஹேமர் பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கட்டை விரலால் சாய்த்துவிட்டு, தொகுதியை உள்ளே இறக்கி இரண்டு மெல்லிய பின்களையும் போடுங்கள். சேஃப்டி மறுபடி நடுவில். ரிசீவரின் பின்பக்கத்தை முதலில் ஸ்டாக்கில் நுழைத்து, பிறகு குழலை இறக்கி, ஸ்க்ரூவை முறுக்குங்கள். கெட்டியாக இருந்தால் போதும், மரம் நெரியுமளவுக்கு வேண்டாம்.

தட்டில் ஏதாவது மிச்சம் இருந்தால் மறுபடி பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்து சோதனை. தோட்டா இன்னும் வேறு அறையிலேயே இருக்கட்டும். சேம்பரை மறுபடி பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் பிடித்து, மேகசின் இல்லாமல் போல்ட்டை இழுத்து விடுங்கள். சேஃப்டி போட்டு விசையை இழுத்தால் ஒன்றும் நடக்கக் கூடாது. சேஃப்டியை எடுத்து இழுத்தால் 'டக்' என்று ஹேமர் விழ வேண்டும். விசையை இழுத்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு போல்ட்டை ஒருமுறை இழுத்து விடுங்கள். ஹேமர் விழக் கூடாது. விசையை மெதுவாக விடும்போது ஒரு சின்ன 'கிளிக்' கேட்கும். மறுபடி இழுத்தால் விழ வேண்டும். இதில் எது மாறினாலும் அந்த ரைஃபிளில் தோட்டா போடாதீர்கள், துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோதனையில் நான் சொன்ன விசை இழுப்பு 10/22-இல் கடைசியில்தான் வருகிறது. குளோக் போன்ற சில பிஸ்டல்களில் பிரிப்பதற்கே முதலில் விசையை இழுக்க வேண்டும். சேம்பரைச் சரியாகப் பார்க்காதவர்களுக்கு அந்த இடத்தில்தான் குண்டு பாய்ந்துவிடுகிறது. வேறு துப்பாக்கிக்கு மாறும்போது அதன் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

துடைத்த துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே உலர்த்தி, வெளிக் குப்பையில் போடுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கையை முழங்கைவரை கழுவுங்கள். அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். ரைஃபிள் பூட்டிய பெட்டிக்குள், தோட்டா வேறு பூட்டுக்குள். டெக்சாஸில் பதினேழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு, சுடத் தயாராக உள்ள துப்பாக்கி எட்டும்படி வைப்பது தனிக் குற்றம்.

அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகள் வழக்கமான இடத்தில் விழாமல் கொஞ்சம் சிதறலாம். துடைத்த குழலில் தோட்டாவின் மெழுகு மறுபடி படியும்வரை .22 இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகிவிடாதீர்கள். ஒரு மேகசின் சுட்டு முடித்துவிட்டுப் பாருங்கள்.